உங்களுக்குத் தெரியுமா? பல்லாங்குழிக்கு ஒரு மலாய் உறவு

தமிழர் வீட்டுப் பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சோங்காக்கும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவும் கம்போங் கிளாமும் நடந்தே போகும் தூரத்தில் இருப்பதுபோல, இவையும் அவ்வளவு நெருக்கம். இரண்டிலும் ஆளுக்கு ஏழு குழிகள். சோங்காக் பலகையின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி கூடுதலாக உண்டு. அதுதான் அவரவர் களஞ்சியம்.

பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டையோ சோழியோ போட்டால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கப்பால் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒன்பது காய் இருந்தால் ஒன்பதும் சொந்தம். அதுவும் வெறுமை என்றால் எதுவும் கிடைக்காது. நடுவில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும்.

கணக்கின் அழகு அடுத்த சுற்றில்தான் தெரியும். 30 காய் மட்டும் சேர்த்தவர் ஆறு குழிகளையே நிரப்ப முடியும். ஏழாவது குழி ஆட்டத்தில் சேராது. 40 சேர்த்தவர் ஏழையும் நிரப்பி, ஐந்தைக் கையில் வைத்துக்கொள்வார்.

சோங்காக்கில் குழிக்கு ஏழு, மொத்தம் 98. தன் களஞ்சியத்தில் 50 சேர்த்தவருக்கு வெற்றி உறுதி. கடைசிக் காய் அங்கேயே விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம்.