அரசவால் குருவி

வாலுக்குப் பெயர் பெற்ற பறவை என்றதும் நம் நினைவுக்கு வருவது மயில். ஆனால் ஐப்பசி மழையோடு நம் சங்கரன்கோவில் தோட்டங்களுக்கு வந்து, பங்குனி வெயில் ஏறியதும் வடக்கே திரும்பும் விருந்தாளி ஒன்றும் உண்டு. அதுவே அரசவால் ஈப்பிடிப்பான். வேதிவால் குருவி என்றும் சொல்வர்.

வேப்பமர நிழலில், நாம் சடையில் கட்டும் வெள்ளை ரிப்பன் அவிழ்ந்து பறப்பது போலத் தெரிந்தால் அதுதான் ஆண் குருவி. தலையும் கொண்டையும் பளபளக்கும் கறுப்பு. உடல் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். வாலின் நடு இறகுகள் இரண்டும் அதைத் தாண்டி நீளும்!

அதே மரத்தில் செங்கல் நிறத்தில், குட்டை வாலோடு ஒரு குருவி இருக்கும். பலரும் அதை வேறு இனம் என்றே எண்ணுகின்றனர். அது பெண்ணாக இருக்கலாம். வால் வளராத இளம் ஆணாகவும் இருக்கலாம். ஆணுக்கு வால் நீள இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அப்போதும் செங்கல் நிறமே. வெள்ளை நிறம் பிறகுதான் வரும். சிலவற்றுக்கு வராமலே போவதும் உண்டு. ஆகவே நீண்ட சிவந்த வாலைக் கண்டதும், மூன்றாவது பறவை என்று நோட்டில் எழுதிவிட வேண்டாம்.

பெண் குருவிக்கு அழகு வால் இல்லையே என்று நாம் வருந்தவும் வேண்டாம். சிலந்தி நூலால் இழைத்த சின்னஞ்சிறு கிண்ணக் கூட்டில் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். அவ்வளவு நீள வாலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு உட்காரும் பாடு ஆணுக்குத்தான்!

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் இதற்கு இலத்தீனில் சூட்டிய பெயருக்குப் பொருள் 'பரதீசின் காகம்'. காகமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இது உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கரிச்சானுக்கு நெருங்கிய உறவு, காகத்துக்குத் தூரத்து உறவு என்றே இன்றைய ஆய்வாளர் கூறுகின்றனர். குரலும் அதற்கேற்பக் கரகரப்புதான்.

கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிப்பதே இதன் பிழைப்பு. பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் இதற்கு இரை ஏது? மரங்களை வெட்டிவிட்டு முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசிய வீட்டில் நிழல் ஏது? நிழலும் சிறிது தேங்கிய நீரும் உள்ள இடத்தையே இது பெரிதும் விரும்பும். பிற்பகலில் கிளையிலிருந்து சர்ரென்று இறங்கி, நீரில் ஒரு முழுக்குப் போட்டு, மீண்டும் அதே கிளைக்குப் போய் இறகு உலர்த்தும். குழாயடியை ஒட்டிய மரங்களைப் பார்த்து வாருங்கள், தோழியரே. பங்குனி வரை நேரமிருக்கிறது.