எட்டும் தூரமும் சுடத்தகும் தூரமும்

கிளினிக்குக்காக முல்லைத்தீவிலிருந்து வந்த பெரியப்பா, ஹெவ்லொக் டவுனில் என் தொடர்மாடி வீட்டில் தங்கியிருக்கிறார். ஒரு மாலை என் கைபேசியில் காணொளி ஒன்றைக் காட்டினேன். வெளிநாட்டு வேட்டைக்காரர் ஒருவர் ஆயிரம் யாருக்கு அப்பால் நின்ற மானைச் சுட்டு விழுத்துகிறார்.

"கெட்டிக்காரன்தான். ஆனா இது வேட்டை இல்லை," என்றார் பெரியப்பா.

நெடுந்தூரக் குறிசுடுதல் ஒரு விளையாட்டு. இங்கிலாந்தின் பிஸ்லியில் நடக்கும் 'கிங்ஸ் பிரைஸ்' போட்டியின் இறுதிச் சுற்று 900, 1000 யார் தூரங்களில் நடைபெறுகிறது. அங்கே இலக்கு நகராது. குறி தவறினால் போவது புள்ளி மட்டுமே.

விலங்கு அப்படி நிற்காது. 308 ரக ரைபிளின் சன்னம் ஆயிரம் யாரைக் கடக்க ஒன்றரைச் செக்கனுக்கு மேல் எடுக்கும். அதற்குள் மான் ஓரடி வைத்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் பக்கக்காற்று சன்னத்தை ஏறத்தாழ இரண்டு மீற்றர் விலக்கிவிடும். சன்னத்தின் வேகமும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். நூறு யாரில் இந்த விலகல் ஓர் அங்குலத்துக்குள்தான்.

1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய அமெரிக்காவின் பூன் அன்ட் குரொக்கெட் கழகம் வேட்டையை ஆதரிக்கும் அமைப்பு. விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணர இடமே இல்லாத தூரத்திலிருந்து சுடுவது நியாயமல்ல என்று அதுவே சொல்கிறது. இத்தனை யார் என்று அது எல்லை வகுக்கவில்லை. சுடுபவரின் நோக்கத்தையே பார்க்கிறது.

பெரியப்பாவின் காலத்தில் இடியன் துவக்குத்தான். மோட்டைக்கரையில் பறண் கட்டி, தங்கள் வாடை போகாதபடி காற்றுப் பார்த்து இருப்பார்கள். முப்பது, நாற்பது யாருக்குள் வந்தால்தான் வெடி. காயத்தோடு ஓடினால் இரத்தத்தடம் பிடித்து விடியவிடியத் தேடுவார்களாம். மான், மரை வேட்டை இன்று சட்டப்படி குற்றம். அவரும் அதை எப்போதோ விட்டுவிட்டார்.

"அப்ப கட்டுத்துவக்கு? அது கிட்டத்திலதானே வெடிக்குது?" என்று கேட்டேன்.

"அதில பாக்கிறதுக்கு ஆளே இல்லையே. மாடு வந்தாலும் வெடிக்கும், மனுசன் வந்தாலும் வெடிக்கும்."

அவரது காலில் 2009இன் எறிகணைச் சிதறல் ஒன்று இன்னும் இருக்கிறது. கிளினிக் அதற்குத்தான். அதை ஏவியவர், அது எங்கே விழுந்தது என்று பார்க்க வந்ததில்லை.

கைபேசியைத் திருப்பித் தந்தபடி பெரியப்பா சொன்னார்: "சுட்டவன் நடந்துபோய்ப் பாக்கக்கூடிய தூரத்திலதான் சுட வேணும், பிள்ளை."