கடற்கரையில் ஆடையில்லாமல் குளித்தால் குற்றமா? சட்டம் என்ன சொல்கிறது?

லீவு விட்டாலே கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர் பக்கத்து மக்களுக்கும் கடல் ஞாபகம் வந்துவிடும். விழுப்புரத்தில் பஸ் மாறினால் புதுச்சேரி. திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணம்.

அங்கே போனால் என்ன பார்க்கிறோம்? ஆண்கள் டவுசரோடு கடலில் இறங்குவார்கள். பெண்கள் சுடிதாரோடு, சேலையோடு அலையில் நிற்பார்கள். குளித்து முடித்ததும் ஈரத்துணியை மாற்ற இடம் இருக்காது. ரெண்டு பேர் போர்வையைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் ஒருத்தர் அவசர அவசரமாக உடை மாற்றுவார்.

இப்படி இருக்கும் நம்ம ஊரில், "பொது கடற்கரையில் ஆடையில்லாமல் குளிக்க அனுமதிக்கலாமா?" என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால், கடற்கரையும் நிர்வாணமும் சம்பந்தப்பட்ட விவகாரம் இந்தியாவில் போலீஸ் வழக்கு வரைக்கும் போயிருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

கோவாவில் என்ன நடந்தது?

2020 நவம்பரில், நடிகரும் மாடலுமான மிலிந்த் சோமன் தன் 55-வது பிறந்தநாளன்று ஒரு போட்டோவை சமூக வலைதளத்தில் போட்டார். கோவா கடற்கரையில் அவர் ஆடையில்லாமல் ஓடும் போட்டோ அது. ஒரு அமைப்பு புகார் கொடுக்க, கோவா போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. இந்திய தண்டனைச் சட்டம் 294-வது பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-வது பிரிவு என இரண்டு பிரிவுகள் போடப்பட்டன.

அவருக்கு இது புதுசு இல்லை. 1995-ல் ஒரு ஷூ விளம்பரத்துக்காக, கழுத்தில் மலைப்பாம்போடு, மாடல் மது சாப்ரேவுடன் ஆடையின்றி போஸ் கொடுத்ததற்கும் வழக்கு பாய்ந்தது. அந்த வழக்கு 14 வருஷம் இழுத்து, 2009-ல் விடுதலையில் முடிந்தது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

பழைய 294-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296-வது பிரிவாகிவிட்டது. பொது இடத்தில், மற்றவர்களுக்குத் தொந்தரவு தரும் வகையில் 'ஆபாசமான செயல்' செய்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இந்தப் பிரிவில் 'நிர்வாணம்' என்ற வார்த்தையே கிடையாது. செயல் ஆபாசமாக இருக்க வேண்டும், அது மற்றவர்களுக்குத் தொந்தரவாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள்தான் இருக்கின்றன.

போட்டோவை இணையத்தில் போட்டால் கதை வேறு. ஆபாசம் என்று முடிவானால், 67-வது பிரிவில் முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நிர்வாணம் என்றாலே ஆபாசமா?

'இல்லை' என்பதுதான் நீதிமன்றங்களின் பதில். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் காதலியோடு ஆடையின்றி இருந்த போட்டோவை வெளியிட்ட பத்திரிகைகள் மீதான வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரு படம் நிர்வாணமாக இருப்பதாலேயே ஆபாசம் ஆகிவிடாது. சமகால சமூகத்தின் பார்வையில், சூழலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. 2023-ல் ரெஹானா பாத்திமா வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும், நிர்வாணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்றது.

நம்ம பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. செஞ்சி அருகே மேல்சித்தாமூரில் தமிழ் சமணர்களின் மடம் உள்ளது. திகம்பர சமண முனிவர்கள் ஆடை அணிவதில்லை. 2016-ல் தருண் சாகர் என்ற திகம்பர முனிவர் ஹரியானா சட்டமன்றத்திலேயே உரையாற்றினார். அதை ஆபாசம் என்று அரசு பார்க்கவில்லை. துறவியைப் பார்ப்பவருக்கு அது துறவு என்று தெரியும். அதே கோலத்தில் வேறொருவர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் போலீஸ் வந்துவிடும். ஆக, இடமும் சூழலும்தான் முடிவு செய்கின்றன.

வெளிநாட்டில் எப்படி?

'அங்கே எல்லாம் ஃப்ரீ' என்று நினைத்தால் தப்பு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் லேடி பே என்ற சின்ன கடற்கரையில் 1976-ல் அனுமதி கொடுத்தார்கள். அந்த மாநிலச் சட்டத்தில் இப்படிப்பட்ட கடற்கரைகளின் பெயர்களே எழுதப்பட்டிருக்கின்றன. ஸ்பெயினின் பார்சிலோனாவிலோ, நகரத் தெருக்களில் ஆடையின்றி நடப்பதை 2011-ல் மாநகராட்சியே தடை செய்தது.

அதாவது, அனுமதிக்கும் ஊர்களிலும் பெரும்பாலும் இடத்தைப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அரசு அப்படி ஒதுக்கிய கடற்கரை ஒன்றுகூட இல்லை. கோவாவின் அஞ்சுனாவில் 1970-களில் ஹிப்பிகள் ஆடையின்றி குளித்தது சட்டம் கொடுத்த உரிமை அல்ல.

நம்ம கடற்கரையில் சாத்தியமா?

நம்ம கடற்கரை வெறும் சுற்றுலா இடம் இல்லை. மரக்காணம் பகுதி மீனவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். அங்கேதான் படகை ஏற்றுகிறார்கள், வலை பிரிக்கிறார்கள், கருவாடு காய வைக்கிறார்கள். மாசி மகம் வந்தால் உள்ளூர்க் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். குழந்தை குட்டியோடு குடும்பங்களும் அங்கேதான் வருகின்றன. எல்லாருக்கும் பொதுவான இந்த மணலில் ஒருவர் ஆடையைக் களைந்தால், 'தொந்தரவு' என்ற நிபந்தனை சுலபமாகப் பூர்த்தியாகிவிடும்.

தனியாக ஒரு இடம் ஒதுக்கலாமே என்று கேட்கலாம். சட்டத் திருத்தமோ அரசு உத்தரவோ இல்லாமல் அது நடக்காது. அப்படியே ஒதுக்கினாலும், அக்கம்பக்கத்து மீனவ கிராமத்தைக் கேட்காமல் செய்ய முடியாது.

செல்போனில் படம் எடுத்தால்?

நிஜமான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பெண் உடை மாற்றுவது போன்ற அந்தரங்கத் தருணத்தை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 77-வது பிரிவின்படி குற்றம். முதல் முறையே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவும் பாயும். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

ஆனால், இந்தச் சட்டங்கள் 'தனிமை கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய' சூழலைப் பெரிதும் நம்பி இருக்கின்றன. நாலு சுவர் உள்ள அறையில் அந்த எதிர்பார்ப்பு தெளிவாக இருக்கிறது. திறந்த மணலில் போர்வைக்கு நடுவில் நிற்கும் பெண்ணுக்கு அது இருக்கிறதா என்று குற்றவாளியின் வக்கீல் கேள்வி எழுப்ப முடியும்.

அதனால், ஆடையில்லாமல் குளிக்கும் உரிமையைப் பற்றிப் பேசும் முன், ஆடையோடு குளிக்கும் பெண் நிம்மதியாகத் துணி மாற்ற தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பஞ்சாயத்தோ நகராட்சியோ மனசு வைத்தாலே போதும்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, அங்கே உடை மாற்றும் அறை இருக்கிறதா, அது பூட்டியே கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள்.