கிராம்புத் தைலமும் பல் பூச்சியும்

டீ கொதிக்கட்டும். அதற்குள் ஒரு கிராம்பை எடுத்து, அதன் தண்டில் நகத்தை அழுத்திப் பார்ப்போம். எண்ணெய் கசிந்தால் நல்ல சரக்கு. கசியாவிட்டால் தைலம் வடித்த சக்கையாக இருக்கலாம். அதையும் விற்கத்தான் செய்கிறார்கள்.

கிராம்பு, மலராத மொட்டு. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பையும் மொட்டு விரியுமுன்பே பறித்துக் காயவைக்கிறார்கள். காய்ந்த மொட்டு 100 கிராமில் 15 முதல் 20 கிராம் வரை தைலம் இருக்கும். அதை வடிக்கும்போது, இட்லிப் பானையில் ஆவி ஏறுவதுபோல மொட்டுகளுக்கிடையே நீராவி புகுந்து தைலத்தையும் தூக்கிக்கொண்டு வரும். குளிரவைத்தால் தண்ணீர் வேறு, தைலம் வேறு. ஒரு சொட்டைத் தம்ளர் தண்ணீரில் விட்டு லேசாகக் கலக்குங்கள்: நல்லெண்ணெய் மிதக்கும், இது அடியில் போய் உட்காரும்.

அந்தக் கனத்துக்குக் காரணம் யூஜெனால். தைலத்தில் 100க்கு 70 முதல் 90 பங்குவரை அதுதான். மிளகிலும் உள்ள பீட்டா கேரியோஃபிலின் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசனையும் யூஜெனாலுடையதே. துத்தநாக ஆக்சைடு பொடியை அதில் குழைத்துத்தான் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள்.

சரி, பல் பூச்சிக்கு வருவோம். தைலத்தில் நனைத்த பஞ்சை வைத்தால் பூச்சி செத்து வலி நிற்கும் என்பாள் என் பாட்டி. இன்றும் பலர் நம்புவது அதைத்தான். ஆனால் சொத்தைப் பல்லில் பூச்சியே கிடையாது. நாம் தின்னும் இனிப்பைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் அமிலம் பல்லைக் கரைத்துக் குழியாக்குகிறது. குழி உள்ளே இறங்கி நரம்பை நெருங்கும்போது வலி உயிரை எடுக்கும்.

நரம்பில் சோடியம் அயனிகள் புகுவதற்குச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் வலிச் செய்தி மூளைக்குப் போகும். யூஜெனால் அந்த வாசல்களைச் சற்று நேரம் சாத்திவைக்கிறது. பசித்து அழும் பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோலத்தான்: சத்தம் நிற்கும், பசி நிற்காது. யூஜெனாலுக்குக் கிருமிகளைக் கொல்லும் குணமும் உண்டுதான். ஆனால் விழுந்த குழியை அது தூர்க்காது. பாட்டியின் கடைவாய்ப் பல் பஞ்சும் தைலமுமாகவே ஒரு வருஷம் ஓடி, கடைசியில் பிடுங்கப்பட்டது.

கலப்பில்லாத தைலம் ஈறைப் புண்ணாக்கிவிடும். சின்னக் குழந்தைகள் ஓரிரு தேக்கரண்டி விழுங்கி, கல்லீரல் கெட்டு உயிருக்குப் போராடியதுண்டு. புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். டீயில் தட்டிப்போட்ட கிராம்பு அப்படியல்ல. அதன் எடையே ஏறத்தாழ 0.1 கிராம், அதில் ஒரு சொட்டுத் தைலம்கூடத் தேறாது.