உங்களுக்குத் தெரியுமா? ஹூக்ளிக் கரையில் கிரேக்கச் சாமிகள்

● வட கொல்கத்தாவின் முக்தாராம் பாபு தெருவில் இருக்கிறது மார்பிள் பேலஸ். 1835-ல் எழுந்த மாளிகை. கட்டிய ராஜேந்திர மல்லிக் பிறந்தது 1819-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினாறு வயசுப் பையன்! அந்த வயதில் ரோமாபுரிப் பாணித் தூண்களும் சலவைக்கல் தளமும் வீனஸும் அப்பல்லோவும் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. செலவழிக்கக் காசும் இருந்திருக்கிறது.

● தரையிலும் சுவரிலும் மட்டும் 126 வகைச் சலவைக்கல் இருப்பதாகச் சொல்வார்கள். யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள். ஓவியங்களில் ரூபன்ஸ், ரெனால்ட்ஸ் பெயர்கள் அடிபடுகின்றன. பாம்பை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ் ரெனால்ட்ஸ் கணக்கில் வருகிறது. காளிங்கன் மேல் ஆடிய கண்ணனைப் பார்த்து வளர்ந்த வைஷ்ணவக் குடும்பத்துக்கு அந்தப் படம் அந்நியமாகப் பட்டிருக்காது.

● ஆம், மல்லிக் குடும்பம் வைஷ்ணவக் குடும்பம். மாளிகையைவிடப் பழையது வளாகத்துக்குள் இருக்கும் ஜகந்நாதர் கோயில். ராஜேந்திரரைத் தத்தெடுத்த நீல்மணி மல்லிக் கட்டியது. பூஜை அங்கே, பொம்மை இங்கே. ஒன்றுக்கொன்று தகராறே இல்லை! தோட்டத்தில் சிங்கங்களோடு புத்தர், மேரி மாதா, கொலம்பஸ் சிலைகளும் உண்டு. தோட்டத்தில் வளர்த்த பறவை, விலங்குகளால் தனியார் மிருகக்காட்சி சாலை என்ற பெயரும் வந்து சேர்ந்தது. இன்றும் வாரிசுகள் குடியிருக்கும் வீடு என்பதால் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம். படம் எடுக்கக் கூடாது.

● சலவைக்கல் வீனஸின் கண்ணை உற்றுப் பாருங்கள். கருமணியே இருக்காது, வெறும் வழுவழு உருண்டை. நம் ஸ்தபதி கடைசியாகக் கண் திறந்தால்தான் சிலைக்கே உயிர் என்போம். கிரேக்கர்களும் அப்படித்தான், கண், உதடு, ஆடைக் கரை எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டினார்கள். மண்ணுக்குள் கிடந்து வண்ணம் போய்விட்டது. 18-ம் நூற்றாண்டில் தோண்டி எடுத்துப் பார்த்தவர்கள், வெண்மைதான் அழகின் உச்சம் என்று முடிவுகட்டி, அதே மாதிரி புதிது புதிதாகச் செதுக்கித் தள்ளினார்கள். கலை வரலாற்றில் இவ்வளவு அழகான தப்பெண்ணம் வேறு உண்டா?

● அப்பல்லோவின் காலடியில் மரக்கட்டை எதற்கு? வீனஸின் கால் அருகே டால்பின் எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லை. சலவைக்கல் பாரம் தாங்கும், வளைவைத் தாங்காது. மொத்த உடம்பும் இரண்டு கணுக்காலில் நின்றால் பட்டென்று முறிந்துவிடும். அதனால்தான் அந்த முட்டுக்கொடுப்பு.

● இந்த வெண்சலவைக்கல் பாணியின் பெரிய கை, இத்தாலியச் சிற்பி கனோவா. முதலில் களிமண்ணில் உருவம், பிறகு பிளாஸ்டர் அச்சு, அதில் புள்ளி குறித்து அளவெடுத்து உதவியாளர்கள் கல்லைக் குடைவார்கள். கடைசி மெருகு மட்டும் கனோவா கையால், அதுவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில். சாய்ந்து விழும் வெளிச்சம் சின்ன மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

● கொல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங் உச்சியில் நிற்பவள் ரோமானிய அறிவுத் தெய்வம் மினர்வா. 1883-ல் ஏறியவள். பக்கத்தில் ஜீயஸ், ஹெர்மிஸ், அதீனா, டெமிட்டர் தலைமையில் நீதி, வணிகம், அறிவியல், வேளாண்மை என நான்கு சிலைக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் தெய்வத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர், மறுபக்கம் இந்தியர். 1977 முதல் 34 ஆண்டு இடதுசாரி முன்னணி மேற்கு வங்கத்தை ஆண்டது இந்தக் கூரைக்குக் கீழேதான். வணிகத்தின் கடவுளை யாரும் கீழே இறக்கவில்லை!

● விக்டோரியா நினைவகம், 1921-ல் திறப்பு. கல், தாஜ்மகாலுக்கு வந்த அதே மக்ரானாக் கல். குவிமாடத்தின் மேல் ஊதுகொம்போடு நிற்கும் வெற்றித் தேவதை மட்டும் வெண்கலம். எடை 3 டன். கிரேக்கத்தின் நைகி வம்சத்தில் வந்தவள். அடியில் பால்பேரிங் வைத்திருப்பதால் காற்று பலமாக வீசினால் திரும்புவாள்.

● அதே நினைவகத்தில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைத் தேடுங்கள். கோட்டு சூட்டு இல்லை; ரோமானிய மேலாடை! செதுக்கியவர் ரிச்சர்ட் வெஸ்ட்மாகாட். கீழே ஒரு பண்டிதரும் ஒரு முன்ஷியும். லஞ்சப் புகாரில் ஆண்டுக்கணக்கில் பாராளுமன்ற விசாரணையைச் சந்தித்தவருக்குக் கல்லில் கிடைத்தது ரோமானியக் கம்பீரம்.

● விநாயகருக்கு ரோமில் உறவினர் உண்டு என்றவர் வில்லியம் ஜோன்ஸ். 1784-ல் கொல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தைத் தொடங்கியவர். அதே ஆண்டு எழுதிய கட்டுரையில், எந்தக் காரியத்துக்கும் முதலில் கும்பிடப்படுபவர் என்ற வகையில் ரோமானியரின் ஜேனஸையும் நம் கணபதியையும் ஜோடி சேர்த்தார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் உறவு மொழிகள் என்று ஜோன்ஸ் சொன்னது நின்றது; இந்த ஜோடிப் பொருத்தம் நிற்கவில்லை.

● லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஜோன்ஸுக்கு ஜான் பேக்கன் செதுக்கிய சலவைக்கல் சிலை இருக்கிறது. பீடத்தைப் பாருங்கள்: கூர்மாவதாரம், பாற்கடல் கடையும் காட்சி! கிறிஸ்தவ தேவாலயத்துக்குள், ஆங்கிலேயச் சிற்பியின் உளியில்.

● கொல்கத்தா வரை போக முடியாதவர்களுக்கு: ஹோமரின் காவியங்களுக்குக் கோட்டோவியம் வரைந்து ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய ஜான் ஃபிளாக்ஸ்மனின் கைவண்ணம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. 1798-ல் மறைந்த பாதிரியார் சுவார்ட்ஸின் மரணப் படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்கும் சலவைக்கல் புடைப்புச் சிற்பம். செய்யச் சொன்னவரும் மன்னரேதான். சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில் பார்க்கலாம். பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம்.