பகை நரம்பும் இன்னிசையும்

தெற்கிலிருந்து கண்டி வீதியாலோ புகையிரதத்தாலோ யாழ்ப்பாணம் செல்வோர் ஆனையிறவைக் கடந்தே செல்வர். இருபுறமும் கடல்நீரேரி; கரையிலே உப்பளம். இந்த ஒடுங்கிய வாயிலுக்கு அப்பாலுள்ள நாட்டை யாழ்ப்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்றான் என்பது ஐதிகம். பெயர் நிலைத்தது, யாழ் மறைந்தது. இன்று இப்பகுதி இளைஞர் சிலரின் மடியில் தவழ்வது கிற்றார்.

ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் அதனோடு இசைந்து வேறு சுரங்களை வாசிப்பது எவ்வாறு என்று மாணவர் இருவர் என்னை வினவினர். அது மேனாட்டு முறை, நம் இராகங்களைக் கெடுக்கும் என்று தடுக்கும் ஆசிரியர்களும் உளர். சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை அறிந்தபின் முடிவு செய்வதே முறை என்பது என் கருத்து.

அவ்வுறவு தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகார வேனிற்காதையில் மாதவி யாழை எடுத்து இணை, கிளை, பகை, நட்பு என்னும் நான்கையும் ஆராய்கிறாள். நரம்பு என்பது இங்கே சுரம். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழைய உரைகளிற் காணும் விளக்கம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த 'யாழ் நூ'லில் இத்தகைய குறிப்புகளைக் கணிதத்தால் ஆராய்ந்தார். இரு நரம்புகளைப் பண்டையோர் ஒருங்கே ஒலித்தனர் என்று நான் வாதிடவில்லை. அவற்றின் உறவை அளந்தனர் என்பதே போதும்.

ஆயினும் ஒரு வியப்பு உண்டு. கிற்றார் வாசிப்போர் துணைச்சுரமாகப் பெரிதும் விரும்புவது அந்த மூன்றாவதையே! பகை எவ்வாறு இனித்தது?

கிளையின் அளவு 3:2. நட்பின் அளவு 4:3. இரண்டும் எளிய விகிதங்கள்; ஆதலால் செவிக்கு இனியவை. கிளை வழியே நான்கு முறை ஏறி, இரண்டு தானம் இறங்கினால் மூன்றாவது நரம்பு 81:64 என அமையும். இது கரடுமுரடானது. இயல்பாக இனிக்கும் மூன்றாவதோ 5:4, அதாவது 80:64. அந்தச் சிறு வேறுபாடே பகைக்குக் காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறேன். ஐரோப்பியரும் 9ஆம் நூற்றாண்டில் நான்காவதையும் ஐந்தாவதையும் கொண்டே துணைக்குரல் அமைத்தனர்; மூன்றாவதை 13ஆம் நூற்றாண்டில்தான் நிறைவற்ற இசைவென ஏற்றனர். கிற்றாரின் மூன்றாவது இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்டது.

இனிச் செய்முறை. வீணையிற் போலக் கிற்றாரிலும் மெட்டுகள் உண்டு. ஒவ்வொரு மெட்டும் அரைச்சுரம். சங்கராபரணத்தில் ச–க, ம–த, ப–நி ஆகியவற்றின் இடைவெளி நான்கு மெட்டு. ரி–ம, க–ப, த–ச, நி–ரி ஆகியவற்றுக்கு மூன்றே மெட்டு. இதை அறியாது எங்கும் நான்கு மெட்டு ஏறினால், ரிக்குத் துணையாகப் பிரதிமத்திமம் வந்து நிற்கும். சங்கராபரணம் கல்யாணியின் வாசலைத் தட்டும். ஆகவே மெட்டை எண்ணாமல் இராகத்தின் சுரங்களையே எண்ணுதல் வேண்டும்.

முல்லைப்பண் என்று அறிஞர் பலர் கருதும் மோகனத்தைப் பாருங்கள். ச ரி க ப த என்னும் ஐந்தில் ஒன்று விட்டு ஒன்றை இணைத்தால், ச–க மட்டுமே மூன்றாவது; ரி–ப, க–த, ப–ச, த–ரி நான்கும் நட்பு நரம்புகள். காடு சூழ்ந்த வன்னி நிலத்துக்கு உரிய பண்ணிலே நட்பு தானாகவே வந்து வாய்க்கிறது!

பகை நரம்பு முற்றும் தள்ளத்தக்கதோ எனின், அன்று. ஊடலுக்கு உப்பை உவமை கூறினார் வள்ளுவர். ஆனையிறவில் வாழ்வோருக்கு உப்பின் அளவை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கணம் தோன்றி, நட்பிலோ கிளையிலோ சென்று அடங்கும் பகை பாட்டுக்குச் சுவையூட்டும். நீடித்து நின்றால் கைக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் நன்று. கமகம் செறிந்த இடத்தில் இரண்டாம் கிற்றார் சட்சத்திலோ பஞ்சமத்திலோ அமைதியாக நிற்கட்டும். துணைக்கு வந்தது தலைமையைப் பறிக்காதவரை, பண்ணுக்கு ஊறு நேராது.