சார்டீனியாவுக்கே தாமிரமா?

இத்தாலிக்கு மேற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் சார்டீனியா தீவில் தாமிரத் தாதுவுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் அங்கே மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட வெண்கலக் காலத் தாமிரப் பாளங்கள் ஏறக்குறைய 2,000 கி.மீ. கிழக்கே உள்ள சைப்ரஸின் சரக்கு என்கிறார்கள் ஆய்வாளர்கள். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதைதான்.

நான்கு மூலைகளும் காதுபோல் நீண்ட இந்தப் பாளங்களுக்கு ‘மாட்டுத்தோல் பாளம்’ என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 கிலோ. துருக்கியின் உளுபுருன் முனைக்கு அருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் ஒருவர் 1982-இல் கண்ட கப்பலில் இவை அடுக்கடுக்காகக் கிடந்தன. கி.மு. 1300-ஐ ஒட்டி மூழ்கிய அந்தக் கப்பலில் சுமார் 10 டன் தாமிரமும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்க்க ஏறத்தாழ அதே விகிதம்தான் வேண்டும்!

பாளத்தில் ஊர்ப் பெயர் பொறித்திருக்காது. ஆனால் தாமிரத்தில் துளியளவு காரீயம் கலந்திருக்கும். காரீயத்தில் எடை மாறுபட்ட நான்கு வகை அணுக்கள், அதாவது ஐசோடோப்புகள், உண்டு: 204, 206, 207, 208. பின்னவை மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் காலப்போக்கில் கூடிக்கொண்டே போகும். 204 மட்டும் கூடாது. அதனால் தாது எப்போது உருவானது, அங்கே யுரேனியமும் தோரியமும் எவ்வளவு இருந்தன என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடும். உலையில் உருக்கினாலும், அச்சில் வார்த்தாலும், களிம்பேறினாலும் அது மாறாது. ஒரு சிட்டிகைத் தூளைச் சுரண்டி எடுத்தால் அளந்துவிடலாம். 1980-களில் ஆக்ஸ்போர்டின் நோயல் கேல், ஸோஃபியா ஸ்டோஸ்-கேல் தம்பதி இப்படித்தான் சார்டீனியப் பாளங்களைச் சைப்ரஸ் தாதுவோடு பொருத்திக் காட்டினார்கள்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பல இடத்துத் தாமிரத்தையும் பழைய உடைசல்களையும் சேர்த்து உருக்கினால் விகிதங்கள் கலந்து இன்னோர் ஊரின் எண்ணைக் காட்டிவிடலாமே என்று 1990-களில் சிலர் கடுமையாக வாதிட்டார்கள். நியாயமான சந்தேகம். வார்க்கும்போது வேண்டுமென்றே காரீயம் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அளவீடு அந்தக் காரீயத்தின் ஊரைச் சொல்லும், தாமிரத்தின் ஊரைச் சொல்லாது. என் பார்வையில் ஐசோடோப்பு அளவீட்டின் உண்மையான பலம், ‘இங்கிருந்து வந்திருக்க முடியாது’ என்று கழித்துக்கட்டுவதில்தான் இருக்கிறது.

பிற்காலத்துச் சிற்றுருவங்களில் அது தெளிவாகத் தெரிகிறது. கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த வீரர்கள், படகுகள், விலங்குகள் என்று சார்டீனியர்கள் கி.மு. 1000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் வார்த்த இந்த வெண்கல உருவங்களுக்கு ‘புரொன்செத்தி’ என்று பெயர். 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, காரீயத்தோடு தாமிரம், வெள்ளீயம், ஆஸ்மியம் ஆகியவற்றின் ஐசோடோப்புகளையும் சேர்த்து அளந்தது. தாமிரம் பெரும்பாலும் உள்ளூர். சிலவற்றில் ஸ்பெயின், போர்ச்சுகல் உள்ள ஐபீரியத் தீபகற்பத்தின் தாமிரம் கலந்திருந்தது. வெள்ளீயமும் அங்கிருந்தே வந்திருக்கலாம். இஸ்ரேலின் திம்னா, ஜோர்டானின் ஃபைனான் சுரங்கங்கள் மீதும் ஒரு சந்தேகம் இருந்தது. காரீயத்தை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியவில்லை. ஆஸ்மியத்தை அளந்த பிறகே அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்தார்கள்.